வாசிக்க மட்டும் ஜெர்மன்

அன்புள்ள சார்,

டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு நடத்துகிறேன். தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார்கள் பணியாற்றிய கிறிஸ்தவ மிஷன் பற்றி ஆய்வு செய்யும் இரண்டு தமிழ் மாணவர்கள் என்னிடம் இருக்கிறார்கள். ஜெர்மன் மூலங்களைப் படித்தே ஆகவேண்டும். ஒரு மொழிப்பள்ளியில் சேர்த்துவிட்டேன். ஒரு செமஸ்டர் போய்விட்டது, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும் காபி கேட்கவும்தான் வருகிறது. "கூகுளில் போட்டால் ஆங்கிலத்தில் வந்துவிடுமே மேடம்" என்கிறார்கள். என்ன செய்வது?

ஒரு வாசகி, முனிர்கா

அன்புள்ள மேடம்,

மொழிப்பள்ளி மேல் தப்பில்லை. பேசக் கற்றுத்தருவது அவர்கள் வேலை. உங்கள் பிள்ளைகள் யாரிடமும் பேசப் போவதில்லை, 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான மிஷன் அறிக்கைகளை வாசிக்கப் போகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவர்களுக்கென்றே வாசிப்புக்கு மட்டுமான ஜெர்மன் வகுப்புகள் உண்டு. உரையாடல் பயிற்சி கிடையாது, இலக்கணமும் அகராதியும் துறை சார்ந்த பக்கங்களும்தான். அதை நீங்களே நடத்தலாம். ஆனால் தமிழில் நடத்துங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆங்கிலம் வழியாகப் போகிற மாணவன் ஜெர்மன் வாக்கியத்தில் முட்டிக்கொள்ளும் இடங்கள் பல நமக்குப் பழகிய தெருக்கள். துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். "மிஷனரி சீகன்பால்கு 1713இல் தரங்கம்பாடியில் எழுதிய நூல்" என்று பெயருக்கு முன்னால் எல்லாவற்றையும் நாம் அடுக்குகிறோம் அல்லவா? ஜெர்மன் கல்வி உரைநடையும் அப்படியே அடுக்கும். பெயரெச்சம் தெரிந்தவனுக்கு இது பாதி தெரிந்த பாடம்.

அதைவிடப் பெரியது, பிறர் கூற்றைச் சொல்லும் வினைவடிவம். 'இஸ்ட்' என்றால் இருக்கிறது, 'ஸை' என்றால் இருக்கிறதாம். உள்ளூர்க்காரர்கள் சொன்னதை எழுதும் மிஷனரி எங்கே தன் கருத்தைச் சொல்கிறார், எங்கே கேட்டதைச் சொல்கிறார் என்பது அந்த ஒரு வடிவத்தில் இருக்கும். ஆய்வே அதில்தானே நிற்கிறது! ஆங்கிலத்தில் அதற்கு நேரான வினைவடிவம் கிடையாது, அதனால் மொழிபெயர்ப்பில் பல நேரம் அது நழுவிவிடும். நம்முடைய 'ஆம்' அப்படியே பிடித்துக்கொள்ளும்.

இயந்திரத்தை மட்டும் குறை சொல்வானேன்? 1713இல் எழுதிய அந்த நூல், தென்னிந்தியக் கடவுளரின் வம்சாவளி, 1867இல்தான் சென்னையில் அச்சானது. 1869இல் வந்த ஆங்கிலப் பதிப்பின் முகப்பிலேயே 'தாராளமாக மொழிபெயர்த்து, புதிய சேர்க்கைகளுடன்' என்று போட்டிருக்கிறார்கள். சீகன்பால்கு எழுதியது எது, பிறகு சேர்ந்தது எது என்று மூலத்தைத் திறக்காமல் எப்படிச் சொல்வது?

கூகுளைத் தடுக்காதீர்கள். முதலில் மாணவனே ஒரு பத்தியைத் தமிழில் எழுதட்டும், அப்புறம் கூகுள் தருவதை அதனுடன் ஒப்பிடட்டும். ஹாலே அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை அச்சான பழைய கோதிக் எழுத்தில் 'எஸ்'ஸின் நீண்ட வடிவம் 'எஃப்' போலவே தெரியும். கண் பழகும்வரை வாரம் இரண்டு பக்கம் போதும், இருவரையும் சேர்த்து உட்காரவையுங்கள்.

நாளை பிரெஞ்சு வேண்டும் என்று யாராவது வந்தால் இந்த வழி பலிக்காது. அதற்கு ஆங்கிலமே போதும், பாதிச் சொற்கள் தெரிந்த முகங்கள்தான்.