அன்ஸ்ட் தீவில் ஆறு வாரம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பிரிட்டனில் மனிதர்கள் குடியிருக்கும் தீவுகளில் வடகோடியில் இருப்பது அன்ஸ்ட். ஷெட்லாந்து தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது. அறுநூற்றுச் சொச்சம் பேர்தான் மொத்த மக்கள்தொகை. நாங்கள் ஸ்காட்லாந்தில் குடியிருக்கிறோம். இங்கே பள்ளி விடுமுறை ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். அந்த விடுமுறையில் நான், கணவர், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன் நாலு பேரும் அங்கே ஒரு வீடு பிடித்து ஆறு வாரம் தங்கினோம். அதற்கு முன் வேலை விஷயமாக ஒரு ஜனவரியில் தனியாகவும் போயிருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, சின்னப் பிள்ளைகளோடு அவ்வளவு தூரம் எப்படிப் போனீர்கள்? கப்பலா, விமானமா?

கப்பல். அபர்தீன் துறைமுகத்தில் மாலை ஏழு மணிக்கு ஏறினால் சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில், காலையில் ஷெட்லாந்தின் முக்கிய ஊரான லெர்விக். சில நாட்கள் ஆர்க்னி தீவுகள் வழியாகச் சுற்றிப் போகும், அன்று கொஞ்சம் முன்னாலேயே கிளம்பும். காரையும் ஏற்றிக்கொள்ளலாம். ஆறு வாரத்துக்கான மூட்டை முடிச்சோடு போகிறவர்களுக்கு அதுதான் பெரிய வசதி.

லெர்விக்கில் இறங்கியதும் வந்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். வடக்கே டாஃப்ட் வரை ஓட்ட வேண்டும். அங்கே ஒரு படகு, இருபது நிமிடத்தில் யெல் தீவு. யெல்லை நெடுக்காகக் கடந்து கட்சரில் இன்னொரு படகு, பத்து நிமிடத்தில் அன்ஸ்ட். இரண்டிலும் கார் போகும். போன் செய்து இடம் பதிவு செய்துகொள்வது நல்லது.

குமட்டலுக்கு எங்கள் வழி இதுதான்: கப்பல் கிளம்புவதற்கு முன்பே லேசாகச் சாப்பிட்டு, துறைமுகத்தைத் தாண்டியதும் கேபினில் படுத்துவிடுவது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். கணவர்தான் ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

விமானமும் உண்டு. ஷெட்லாந்தின் தென்முனையில் சம்பரோ நிலையத்தில் இறங்கும். கோடையில் மூடுபனி வந்தால் விமானம் நின்றுவிடும், அதனால் மறுநாள் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை: பெரிய சாலையே ஓடுபாதைக்குக் குறுக்கே போகிறது. விமானம் வரும்போது நம் ஊர் ரயில்வே கேட் மாதிரி தடுப்பு விழும், கார்கள் நிற்கும், விமானம் போனதும் திறக்கும்.

வரைபடத்தில் பார்த்தால் இருபது கிலோமீட்டர்கூட நீளமில்லை. மூன்று நாளில் பார்த்து முடிக்கிற இடத்தில் ஆறு வாரம் என்னதான் செய்தீர்கள்?

இதே கேள்வி ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்தது. நியாயமான கேள்விதான்.

ஹெர்மனெஸ் என்று தீவின் வடமேற்கில் ஒரு பாதுகாக்கப்பட்ட பகுதி. கடல்பறவைகளுக்குப் பேர்போன செங்குத்துப் பாறைகள், அதற்கு அப்பால் கடலுக்குள் மக்கிள் ஃப்ளக்கா கலங்கரை விளக்கம். வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க நினைப்பது இதைத்தான். போய் வர மூன்று நாலு மணி நேரம் நடக்க வேண்டும். முதல் தடவை போனபோது மூடுபனி. காலுக்குக் கீழே ஆயிரக்கணக்கான பறவைகள் கத்துகிற சத்தம் கேட்டது, நாற்றம் மூக்கைத் துளைத்தது, ஒன்றையும் பார்க்க முடியவில்லை. இரண்டாவது தடவை பாதி வழியில் காற்று பையனைத் தள்ள ஆரம்பித்தது, திரும்பிவிட்டோம். மூன்றாவது தடவை, இரவு ஏழு மணிக்கு மேல் மேகம் விலகியதைப் பார்த்துச் சட்டென்று கிளம்பினோம். பாறை முழுக்க வெள்ளை வெள்ளையாக கானெட் பறவைகள், அந்தக் கலங்கரை விளக்கம், அதற்கும் அப்பால் அவுட் ஸ்டாக் என்ற மொட்டைப் பாறை. பிரிட்டன் அதோடு முடிகிறது.

மூன்று நாள் திட்டத்தில் வந்தவர்களுக்கு எங்கள் முதல் தடவைதான் கிடைத்திருக்கும். அங்கே நாள்களை வானிலை பங்கு போடுகிறது. நாம் கையில் உபரியாக நாள் வைத்திருந்தால்தான் நமக்கும் ஒரு பங்கு வரும். மிச்ச நாட்களில் என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் உண்மை. கரையில் கல் பொறுக்கினோம், நீர்நாய்க்காகக் காத்திருந்தோம், கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தோம்.

பஃபின் பறவையைக் கிட்டத்தில் பார்க்க எது நல்ல இடம்? எந்த மாதம்?

ஏப்ரலில் வரும், ஆகஸ்ட் முதல் பாதிக்குள் கிளம்பிவிடும். ஜூன், ஜூலை பாதுகாப்பான கணக்கு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஹெர்மனெஸைவிட சம்பரோ முனை நல்லது. நீண்ட நடை கிடையாது, கலங்கரை விளக்கத்தை ஒட்டிய மதில் மேல் சாய்ந்து நின்றால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். பகலில் பெரும்பாலும் கடலில் இருக்கும், சாயங்காலம் போங்கள்.

படத்தில் பார்த்துவிட்டுப் பெரிய பறவை என்று நினைத்திருந்தோம். ஒரு முழத்துக்கும் குறைவான உயரம். ஒன்று வாயில் ஏழெட்டு மணல் விலாங்கு மீனைக் குறுக்காக, மீசை மாதிரி கவ்விக்கொண்டு வந்து இறங்கியது. எங்களை ஒரு பார்வை பார்த்தது, தத்தித் தத்தி நடந்து வளைக்குள் போய்விட்டது. உள்ளே குஞ்சு, ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வளை இருக்கிற புல்தரையில் கால் வைக்காதீர்கள். மண் இடிந்து உள்ளே இருப்பது நசுங்கிவிடும், விளிம்பில் நாமும் சரிவோம்.

பெரிய பறவை ஒன்று தலையில் கொத்த வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பாங்சி என்பது அதன் உள்ளூர்ப் பெயர், பழுப்பு நிறப் பெரிய கடல்பறவை. கூடு பக்கத்தில் இருந்தால் தலைக்கு நேராகப் பாயும். கைத்தடியையோ கையையோ தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தால், உயரமாக இருப்பதைத்தான் குறிவைக்கும். பாதையை விட்டு விலகாமல் நடந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை.

ஆனால் அதைத் திட்டுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. 1831இல் ஹெர்மனெஸில் மூன்றே ஜோடிதான் மிஞ்சியிருந்தன. நிலத்துக்குச் சொந்தமான குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவர் லாரன்ஸ் எட்மன்ஸ்டன் யாரும் சுடக் கூடாது என்று காவல் போட்டுக் காப்பாற்றினார். அப்படிப் பெருகிய இனத்தை 2022இல் பறவைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. இறந்த பறவை கிடந்தால் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

ராத்திரி இருட்டவே இருட்டாதாமே, பிள்ளைகள் தூங்கினார்களா?

முதல் வாரம் தூங்கவில்லை. ஜூன் கடைசியில் பகல் பத்தொன்பது மணி நேரம். நள்ளிரவிலும் ஒரு சாம்பல் வெளிச்சம் இருந்துகொண்டே இருக்கும். ‘சிம்மர் டிம்’ என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள், பெற்றோருக்கு அது அழகாகத் தெரியாது. பத்தரை மணிக்குப் பையன் “இன்னும் சாயங்காலம்தானே?” என்று வாதாடுவான். கடைசியில் சமையலறை அலுமினியத் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினோம். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் எல்லாரும் தூங்கினோம்.

மழை நாளில் பிள்ளைகளை எப்படிச் சமாளித்தீர்கள்?

பால்டாசவுண்ட் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பேருந்து நிழற்குடை இருக்கிறது. உள்ளே சோபா, டிவி, திரைச்சீலை எல்லாம் போட்டு வைத்திருப்பார்கள், அவ்வப்போது அலங்காரமும் மாறும். 1990களில் ஒரு சிறுவன் நிழற்குடை வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதில் தொடங்கிய கதை. வருகைப் பதிவேடுகூட உண்டு. மகன் அதில் பேருந்தின் படம் வரைந்து வைத்தான். மழைக்கு ஒதுங்க வேறு இடமே வேண்டாம் என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம்.

ஹரால்ட்ஸ்விக் என்ற ஊரில், அந்தக் கால வடநாட்டுக் கடலோடிகளான வைக்கிங்குகளின் நீள்படகு நகல் ஒன்று நிற்கிறது, பக்கத்திலேயே படகு அருங்காட்சியகம். அன்ஸ்டில் மட்டும் அறுபதுக்கும் குறையாத வைக்கிங் வீடுகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. பாரம்பரிய மையத்தில் கையால் பின்னிய லேஸ் சால்வை பாருங்கள். முழுச் சால்வையும் கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வரும் அளவுக்கு மெல்லியது.

கதை கேட்கிற பிள்ளைகளுக்கு உள்ளூர் பூதக்கதை ஒன்று. ஹெர்மன், சாக்சா என்று இரண்டு பூதங்கள், ஒரே கடற்கன்னி மேல் ஆசை. ஒருவர் மேல் ஒருவர் பாறையை எறிந்துகொண்டார்கள், அதில் ஒன்றுதான் மக்கிள் ஃப்ளக்கா. வடதுருவம் வரை நீந்தி வருகிறவரைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள் அவள். இரண்டு பேரும் குதித்தார்கள். இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது.

தாவரங்களில் ஆர்வம் உள்ளவன். அங்கே மரமே இல்லை என்கிறார்கள், பார்க்க ஏதாவது இருக்கிறதா சார்?

சார் இல்லை, மேடம். பரவாயில்லை.

கீன் ஆஃப் ஹமார் போங்கள். முதல் பார்வைக்குச் சல்லி கொட்டி வைத்த மைதானம் மாதிரி இருக்கும். பழைய கடலடித் தரை மேலே தள்ளப்பட்டு வந்த பாறை அது. மண்ணில் மெக்னீசியமும் நிக்கலும் அதிகம், சாதாரணச் செடி பிழைக்காது. அங்கே ஒரு வெள்ளைப் பூச்செடி இருக்கிறது, உலகத்தில் அன்ஸ்டைத் தவிர எங்கேயும் கிடையாது. 1837இல் அதைக் கண்டுபிடித்தவன் தாமஸ் எட்மன்ஸ்டன், மேலே சொன்ன மருத்துவரின் மகன். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயதுகூட நிறைந்திருக்குமா என்பது சந்தேகம். பத்தொன்பதாவது வயதில் ஷெட்லாந்தின் தாவரங்களைப் பற்றிப் புத்தகம் போட்டான். இருபதாவது வயதில் கடல் ஆய்வுப் பயணம் போன இடத்தில், தென் அமெரிக்கக் கரையில், தவறுதலாக வெடித்த துப்பாக்கிக்கு இரையானான்.

மகள் இதைக் கேட்டதும் குப்புறப் படுத்துத் தேட ஆரம்பித்தாள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது, செடியே விரல் உயரம்தான். அரை மணி நேரம் கழித்து ஒன்றைக் காட்டினாள். கல்லுக்கு நடுவே, இலையைவிடப் பெரிய வெள்ளைப் பூ.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்கலாமா?

சமைக்கத் தெரிந்தால் சமாளிக்கலாம். பால்டாசவுண்டில் கடை உண்டு, ரொட்டி அங்கேயே சுடுகிறார்கள். மசாலா, பருப்பு, அரிசி எல்லாம் காரிலேயே கொண்டுபோய்விட்டோம். படகு ஓடாத நாளில் அலமாரி காலியாகும், அதனால் இரண்டு மூன்று நாளுக்குக் கையிருப்பு வேண்டும். ஊர்ச் சிறப்பு என்றால் உப்பிட்டு உலர்த்திய ஆட்டிறைச்சிச் சூப். கணவருக்குப் பிடித்தது. உப்பு என் நாக்குக்குத் தாங்கவில்லை.

அவசரத்துக்கு மருத்துவமனை?

தீவிலேயே சிறிய சுகாதார மையம் உண்டு, பெரிய மருத்துவமனை லெர்விக்கில். நடுவில் இரண்டு கடல். தொடர் சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

அங்கே பேசுவது ஆங்கிலம்தானா? புரியுமா?

நம்மோடு பேசும்போது புரியும். அவர்களுக்குள் பேசும்போது பாதி நழுவிவிடும். 1469 வரை இது நார்வே, டென்மார்க் அரசரின் நிலம். மகளின் சீதனப் பணத்துக்கு ஈடாக ஸ்காட்லாந்துக்கு அடகு வைத்தார், பிறகு மீட்கவேயில்லை. அதனால் பேச்சில் பழைய நார்ஸ் மொழிச் சொற்கள் ஏராளம். சின்னது என்பதற்கு ‘பீரி’. என் பையன் ஆறு வாரமும் ‘பீரி’ என்றே அழைக்கப்பட்டான்.

துருவ ஒளி பார்க்க குளிர்காலத்தில் குடும்பத்தோடு போகலாமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். ஜனவரியில் பகல் ஆறு மணி நேரம்தான், படகு எந்த நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. துருவ ஒளிக்கு ‘மிர்ரி டான்சர்ஸ்’ என்று அங்கே பெயர். நான் போன ஜனவரியில் பத்து நாளும் மேகம். ஒரு கீற்றுகூடப் பார்க்கவில்லை.

நீங்கள் செய்த பெரிய தவறு எது?

கார் கதவு. இரண்டாம் நாளே, காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் கீல் வளைந்துவிட்டது. மிச்ச நாள் முழுக்க அந்தப் பக்கம் கயிறு கட்டி ஓட்டினோம். காரின் மூக்கைக் காற்றுக்கு நேராக நிறுத்துங்கள், கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். பிள்ளைகளைத் திறக்க விடவே கூடாது.

அடுத்த கோடைக்கு எப்போது பதிவு செய்ய வேண்டும்?

வீட்டுக்கு முன்னால் கப்பலைப் பாருங்கள். ஜூலையில் கேபினும் கார் இடமும் சீக்கிரம் தீரும். நாங்கள் குளிர்காலத்திலேயே போட்டுவிட்டோம், அப்போதே வெள்ளிக்கிழமைகள் நிறைந்திருந்தன. செவ்வாய், புதன் கிடைக்கும்.