சின்ன போன்தான் வேண்டும், ஆனால் கடையில் இல்லை: 55,000 ரூபாயை என்ன செய்வது?

கேள்வி: ஐயா, திருவட்டாறு பக்கம் எங்கள் வீடு. தக்கலை அருகே ஒரு அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலை) கணக்கு எழுதுகிறேன். வயது 41, சம்பளம் 21,000 ரூபாய். கணவருக்கு ரப்பர் பால்வெட்டு. மழை மாதங்களில் அவர் வருமானத்தை நம்ப முடியாது. என் கையில் இருப்பது ஐபோன் எஸ்இ, 2020 மாடல். 2021 கடைசியில் கொழுந்தன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. பேட்டரியின் ஆரோக்கியம் 76 சதவீதம் என்று காட்டுகிறது. மதியம் 2 மணிக்கே சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. 64 ஜிபியும் நிறைந்துவிட்டது. ஆபீஸிலிருந்து அனுப்பும் எக்செல் கணக்கைப் படிக்கக் கண் வலிக்கிறது. ஆனாலும் எனக்குச் சின்ன போன்தான் வசதி. அழகியமண்டபம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வருவேன், ஒரு கை கம்பியில்தான் இருக்கும். நாகர்கோவில் கடையில் 6.3 அங்குலப் போனைக் காட்டி, "இப்போ வர்றதுல இதுதான் சின்னது" என்றார்கள். விலை 54,999. பழைய போனுக்கு 5,000 கழித்து, மீதி 50,000-ஐ 18 மாதத் தவணையில் கட்டலாமாம். வட்டி இல்லை, ப்ராசஸிங் கட்டணம் மட்டும். தக்கலையில் ஒரு கடையில் பழைய ஐபோன் 13 மினி 24,000-க்கு இருக்கிறது. பேட்டரி மட்டும் மாற்றினால் 7,000 ஆகும் என்றார்கள். இரண்டு பவுன் சங்கிலி 60,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது, 12 சதவீத வட்டி. இரண்டு வருடமாக வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்து வருகிறேன். இந்த வருடம் கொழுந்தன் கிறிஸ்துமஸுக்கு வருகிறார், "வேறு போன் வேணுமா" என்றும் கேட்கிறார். எதைச் செய்ய?

பதில்: சகோதரி, சின்ன போன் பிடிக்கும் என்பதை ஏதோ தப்பை ஒப்புக்கொள்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். அதில் தப்பே இல்லை. ஒரு கை கம்பியில் இருக்கும்போது மற்றக் கையின் கட்டைவிரல் எட்டாத போன் உங்களுக்குப் பாதிப் போன்தான். என் வீட்டிலும் இந்தப் பிரச்சினை உண்டு. படுத்துக்கொண்டு பார்க்கும்போது பெரிய போன் மூக்கில் விழுந்த பிறகு என் மனைவியும் உங்கள் கட்சிக்கு வந்துவிட்டாள்.

கடைக்காரர் சொன்னதும் பொய் இல்லை. ஆப்பிள் 2020-ல் 12 மினியையும் 2021-ல் 13 மினியையும் கொண்டுவந்தது, இரண்டும் 5.4 அங்குலம். 2023 செப்டம்பரில் 13 மினியை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. உங்கள் எஸ்இ வரிசையின் கடைசி மாடலும் 2025 பிப்ரவரியில் போய், அந்த இடத்துக்கு 6.1 அங்குல ஐபோன் 16இ வந்தது. சின்ன உடம்புக்குள் பெரிய பேட்டரி வைக்க இடம் கிடையாது. உங்கள் போனில் இருப்பது 1,821 எம்ஏஎச் (சார்ஜ் கொள்ளளவு) பேட்டரி. இன்றைய போன்கள் பலவும் 5,000-ஐத் தாண்டுகின்றன. வீடியோ பார்க்கிறவர்களுக்கு அதுதான் தேவை, அவர்கள் எண்ணிக்கைதான் அதிகம். இப்போது 'காம்பேக்ட்' என்று விற்பவை பெரும்பாலும் 50,000-ஐ ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கின்றன. 15,000, 20,000 ரூபாய்ப் போன்களில் எல்லாமே பலகை போலத்தான். நமக்குப் பிடித்த பொருள் அரிதாகிவிட்டால் அதன் விலையைக் கடை சொல்கிறபடி ஏற்றுக்கொள்ள மனம் தயாராகிவிடும். இங்கேதான் நிதானம் வேண்டும்.

அங்குலத்தை வைத்துப் பயப்படாதீர்கள். அது திரையின் மூலைக்கு மூலை அளவு. உங்கள் போனில் திரைக்கு மேலும் கீழும், ஹோம் பட்டன் இருக்கிற இடத்தில், நிறைய வெற்றிடம் இருக்கிறது. புதியவற்றில் அது இல்லை. உங்கள் எஸ்இயின் உடல் அகலம் 67.3 மில்லிமீட்டர், உயரம் 138.4, எடை 148 கிராம். திரை உங்களுடையதைவிடப் பெரிதாக இருந்தும் 13 மினி அதைவிடச் சிறியது: 64.2-க்கு 131.5. சாம்சங் எஸ்25 போனுக்கு 6.2 அங்குலத் திரை, ஆனால் உடல் 70.5-க்கு 146.9, எடை 162 கிராம். அதாவது அகலத்தில் 3 மில்லிமீட்டர் சொச்சம்தான் கூடுதல். கடையில் காட்டிய 6.3 அங்குல வகைப் போன்கள் 72 மில்லிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம், 185 கிராம் எடையை ஒட்டி இருக்கும்.

இதைக் கடையின் ஏசியில் நின்று சோதிக்காதீர்கள். பழைய நாள்காட்டியின் அட்டையை எடுத்து, 72-க்கு 151 என்று ஒன்றும் 70.5-க்கு 147 என்று ஒன்றும் வெட்டுங்கள். மேல் இடது மூலையில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். காலை பஸ்ஸில் வலது கையில் பிடித்துக் கட்டைவிரலால் அந்தப் புள்ளியைத் தொட்டுப் பாருங்கள். அட்டையைக் கைக்குள் தள்ளித் தள்ளிப் பிடித்தால்தான் எட்டுகிறது என்றால், அந்த நேரத்தில்தான் போன் கீழே விழும். நானும் என் மேஜையில் வெட்டிப் பார்த்தேன். பெரிய அட்டையில் என் விரல் புள்ளிக்கு ஒரு நகம் அளவு முன்னாலேயே நின்றுவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் ஒருமாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

சரி, இப்போது பணக் கணக்கு. எந்தப் போனுக்கும் மொத்த விலையைப் பார்க்காமல், இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று வகுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

7,000-க்குப் பேட்டரி மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டினால் மாதம் 292 ரூபாய். உங்கள் போன் ஓடுமா என்றால் ஓடும். 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26 (ஐபோனை இயக்கும் மென்பொருள்) உங்கள் மாடலுக்கும் உண்டு, வாட்ஸ்அப்புக்கும் யுபிஐ செயலிகளுக்கும் இப்போதைக்குத் தடை இல்லை. 5ஜி கிடையாது, ஆனால் நீங்கள் சொல்லும் வேலைகளுக்கு 4ஜி தாராளம்.

13 மினி மலிவாகத் தெரிகிறது, இல்லையா? அதுவும் 2021 மாடல். அதன் பேட்டரியும் உங்களுடையதைப் போலத் தளர்ந்துதான் இருக்கும். 24,000-உடன் ஒரு பேட்டரியைச் சேர்த்தால் 31,000. மூன்று வருடம் ஓடும் என்று வைத்தாலும் மாதம் 861 ரூபாய். 54,999 ரூபாய்ப் புதுப் போனை ஆறு வருடம் வைத்திருந்தால் மாதம் 764. பழைய மினி புதியதைவிடச் செலவு! நான்கு வருடத்தில் மாற்றிவிட்டால் புதியதற்கும் 1,146 ஆகிவிடும். ஆனால் நான்கு வருடத்துக்கு மேல் ஒரே போனை வைத்திருக்கிறவர் நீங்கள், அதனால் ஆறு வருடக் கணக்கை உங்களிடம் நம்பிச் சொல்கிறேன்.

'வட்டி இல்லாத் தவணை'யைப் பற்றி. இப்படி ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டியை யாரோ கட்டுகிறார்கள். பெரும்பாலும் தயாரிப்பாளரோ கடையோ தள்ளுபடியாகக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் 50,000 ரூபாய்க்கு மாதம் 2,778 வருகிறது. கடன் நிறுவனத்தின் உண்மை வட்டி 15 சதவீதம் என்று வைத்தால், அந்தத் தவணைக்குள் சுமார் 5,500 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கிறது. கிரெடிட் கார்டில் எடுத்தால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக உங்கள் தலையில் விழும், சுமார் 985 ரூபாய். நிதி நிறுவனக் கடனில் அந்த ஜிஎஸ்டி இல்லை, ப்ராசஸிங் கட்டணம் உண்டு. கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மொத்தப் பணமும் இப்பவே தந்தா எவ்வளவு குறைப்பீங்க?" அவர் குறைக்கிற தொகைதான் நீங்கள் கட்டும் வட்டி.

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவைத்தது போன் இல்லை, அந்தச் சங்கிலி. 60,000-க்கு 12 சதவீதம் என்றால் வருடம் 7,200. இரண்டு வருடத்தில் 14,400 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள், அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. அந்தப் பணத்தில் இரண்டு தடவை பேட்டரி மாற்றியிருக்கலாம். போன் தவணைக்கு மாதம் 2,778 ஒதுக்க முடியும் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? அதே பணத்தை இப்படித் திருப்பிவிடுங்கள். முதல் மூன்று மாதப் பணம் 8,334-இல் பேட்டரி முடிந்துவிடும். பிறகு 15 மாதம், மாத வட்டியோடு சேர்த்து அசலிலும் 2,778 கட்டினால் 41,670 கழிந்து கடன் 18,330-க்கு வந்துவிடும். அசல் இறங்க இறங்க வட்டியும் இறங்கும். பகுதி பகுதியாக அசல் கட்டலாமா, அப்படிக் கட்டினால் வட்டியை மிச்ச அசலுக்கு மட்டும்தான் போடுவார்களா என்று அடகு வைத்த இடத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் மாவட்டத்தில் தென்மேற்கும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது. மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. கணவருக்கு இரண்டு வாரம் வேலை இல்லாத மாதத்திலும் போன் தவணை குறித்த தேதியில் கணக்கிலிருந்து போய்விடும். பணம் இல்லையென்றால் தாமதக் கட்டணம், சிபில் மதிப்பெண்ணிலும் அடி. அடகுக் கடனில் அந்த மாதம் அசலைக் குறைக்காமல் விட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

8,334-இல் பேட்டரி போக மிச்சமாகும் 1,334 ரூபாயைப் பற்றிச் சொன்னால் கோபப்படாதீர்கள்: ஒரு வாசிப்புக் கண்ணாடி வாங்குங்கள். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்து எழுத்து மங்குவது எல்லாருக்கும் வருவதுதான். எக்செல் கண்ணை வலிக்கவைப்பதற்குப் போன் முழுக் காரணம் இல்லை. முதலில் கண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள். அதன் பிறகும் கட்டங்கள் தெரியவில்லையென்றால் அந்தக் கணக்கை ஆபீஸ் கணினியில் பாருங்கள். எந்தப் போனும் எக்செலுக்குப் பிறந்ததில்லை.

64 ஜிபி நிறைந்ததற்கு வாட்ஸ்அப்பே காரணமாக இருக்கும். அதன் அமைப்புகளில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்தால் எந்தக் குழு எவ்வளவு இடம் தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் போனாலே மூச்சு வரும். போதாவிட்டால் ஐகிளவுடில் 50 ஜிபிக்கு மாதம் 75 ரூபாய்.

பேட்டரி மாற்றும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் போன் தண்ணீர் தாங்கும் வகை. திறந்து மூடும்போது உள்ளே இருக்கும் பசை வளையத்தைப் புதிதாகப் போடாவிட்டால் அந்தத் தாங்கல் போய்விடும். ஜூன் மழையில் பையில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு இது முக்கியம். அசல் பேட்டரி இல்லையென்றால் போனின் அமைப்புகளிலேயே அறிவிப்பு வரும், வாங்குமுன் அங்கேயே பாருங்கள். திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் நாளைக்கே மாற்றுங்கள், சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

எப்போது புதுப் போன் வாங்கலாம்? ஆப்பிள் உங்கள் மாடலுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தும்போது, இல்லையென்றால் வங்கிச் செயலி வேலை செய்ய மறுக்கும்போது. அதற்குள் சங்கிலி வீட்டுக்கு வந்துவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து அதே 2,778-ஐ வங்கியில் ஆர்.டி. போடுங்கள். 18 மாதத்தில் 50,000-க்கு மேல் கையில் இருக்கும், ரொக்கத் தள்ளுபடியும் கேட்கலாம். ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் மூன்று சீசனிலும் கடைகள் விலையைக் குறைக்கும். போன வருட மாடலை எடுங்கள், ஆனால் அப்டேட் எத்தனை வருடம் பாக்கி என்று கணக்குப் பாருங்கள். சாம்சங் எஸ்24-இலிருந்தும் கூகுள் பிக்சல் 8-இலிருந்தும் ஏழு வருடம் என்று அறிவித்திருக்கிறார்கள், மாடல் வெளிவந்த தேதியிலிருந்து கணக்கு. 2024 ஜனவரியில் வந்த எஸ்24-ஐ 2027-ல் வாங்கினால் நான்கு வருடம் மிச்சம்.

கொழுந்தன் விஷயம். அவர் அன்பாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் வளைகுடாவில் விற்கும் ஐபோன் 17 வரிசையில் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். உங்கள் எண்ணை இ-சிம்முக்கு மாற்றாமல் யுபிஐ ஒரு அடி நகராது. உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் கடையில் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். "போன் வேண்டாம் தம்பி, அந்தக் காசைச் சங்கிலியில கட்டுறேன்" என்று நீங்கள் சொல்வதும் தப்பில்லை. வீட்டுக்குள் இப்படிப் பேசக் கூச்சமாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

பேட்டரிக்குப் போனைக் கொடுக்கும் நாளில் படங்களையும் வாட்ஸ்அப்பையும் நகல் எடுத்துவைத்துவிட்டு, சிம்மைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொடுங்கள்.