அந்த மூன்று நாள்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. வலி மாத்திரைப் பழக்கத்துக்காக வேலூரில் ஒரு மருத்துவமனையில் சிகிச்சை எடுக்கிறான். அங்கே ஒரு ஆராய்ச்சியிலும் சேர்த்திருக்கிறார்கள். மாதாமாதம் ‘எத்தனை நாள் போட்டாய்?’ என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். ஒரு நாள்கூட இல்லை என்கிறான், பொய். சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு. அதற்கு முன் மூன்று நாள் நான் அவனை வெளியே விடுவதில்லை, அதனால் பிரச்சினை வந்ததில்லை. வாய்க்கு வந்ததை எழுதிக்கொண்டு செய்யும் ஆராய்ச்சியை நம்பலாமா? டாக்டரிடம் போட்டுக் கொடுக்கட்டுமா?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: ஆராய்ச்சியை அப்புறம் பார்ப்போம். அந்த மூன்று நாள் எதற்கம்மா? இந்த மாத்திரைகள் பலவற்றின் தடம் இரண்டு மூன்று நாளில் சிறுநீரில் இல்லாமல் போகும். தெரிந்துதானே பூட்டி வைத்தீர்கள்? வாய்ச்சொல்லைச் சரிபார்க்க அவர்களிடம் இருந்ததே அந்தப் பரிசோதனைதான். மகன் வாயால் சொன்ன பொய்க்கு நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

சுத்தம் என்ற ரிசல்ட்டை நம்பி டாக்டர் மருந்தைக் குறைத்தால் யார் பொறுப்பு? சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி போடுகிறவன் பழைய அளவையே போட்டால் உடம்பு தாங்காமல் மூச்சே நின்றுபோகலாம். பிள்ளையின் மானத்தைக் காப்பது தாயின் கடமை என்பீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உயிர் இருந்தால்தான் மானம். நீங்கள் காப்பது சொந்தக்காரர்களுக்குக் காட்டும் முகத்தை.

நம்பலாமா என்றால், உண்மை சொல்பவனுக்கு என்ன நேரும் என்று பாருங்கள். பதில் வெளியே போகாது, தண்டனை கிடையாது என்றால் இந்தப் பழக்கம் உள்ளவர்கள் சொல்வது பெரும்பாலும் பரிசோதனையோடு ஒத்துப்போகிறது. வேலை போகும், வீட்டில் ரகளை நடக்கும் என்றால் மறைப்பார்கள். காலண்டரை வைத்துக்கொண்டு நாள் நாளாகக் கேட்கும் முறை ஒன்றை உளவியலாளர்களான சோபெல் தம்பதி உருவாக்கினார்கள். உங்கள் ஊரென்றால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று போட்டாயா, சம்பளத்தன்று போட்டாயா என்று கேட்கலாம். மறதிக்கு அது நல்ல மருந்து. பயத்துக்கு இல்லை. அவன் பதில் சொல்லும்போது நீங்களும் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன்!

அவனைப் போட்டுக் கொடுக்க வேண்டாம். அவனிடம் சொல்லிவிட்டு, மூன்று நாள் பூட்டி வைத்ததை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். ‘உண்மை சொன்னால் சிகிச்சையை நிறுத்துவீர்களா, யாரிடமாவது சொல்வீர்களா?’ என்று அவன் முன்னாலேயே கேளுங்கள். பதில் அவன் காதில் விழட்டும். அப்புறம் எழுந்து வெளியே போய் உட்காருங்கள்.