வழக்கு கிடக்கட்டும், கடனைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். சேமிப்பு 50,000 டாலர், புரோக்கரிடம் பங்கையே ஈடு வைத்து வாங்கிய மார்ஜின் கடன் 50,000, இரண்டையும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் பங்கில் போட்டிருக்கிறேன். ஏகபோக விசாரணை, ஏஐ போட்டி என்று செய்தி வரும்போதெல்லாம் தூக்கம் போகிறது. மச்சானோ, “1998-லும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள், கடைசியில் ஜெயித்தது யார்? விலை இறங்கினால் இன்னும் கடன் எடுத்து வாங்கு” என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

மச்சான் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். 1998 மே மாதம் மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு ஏகபோக வழக்குப் போட்டது. 2000 ஜூனில் நீதிபதி ஜாக்சன் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். அடுத்த ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சரி, கம்பெனி தப்பித்தது. 1999 டிசம்பர் உச்சத்தில் பங்கு வாங்கியவர்? ஒரே வருடத்தில் 60 சதவீதத்துக்கு மேல் போனது. அந்த விலையைப் பங்கு மறுபடி தாண்டியது 2016 அக்டோபரில். இதற்கு வழக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது; டாட்காம் (இணைய நிறுவனப் பங்கு) மோகத்தில் வருட லாபத்தைப் போல 60 மடங்குக்கு மேல் விலை கொடுத்து வாங்கினார்கள். கைக்காசில் வாங்கியவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். கடனில் வாங்கியவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

உங்கள் கணக்கையே போடுவோம். பங்கின் மதிப்பில் 30 சதவீதமாவது உங்கள் பணமாக இருக்க வேண்டும் என்று புரோக்கர் வைத்திருந்தால், 1,00,000 டாலர் சுமார் 71,400-க்கு இறங்கியதும் மார்ஜின் கால் வரும், அதாவது ‘இன்னும் பணம் கட்டு’ என்று புரோக்கர் கேட்பார். இது 29 சதவீதச் சரிவு. பணம் கட்டாவிட்டால் அவர்களே விற்றுவிடுவார்கள். உங்களைக் கேட்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அப்போது கையில் மிஞ்சுவது 21,400. நீங்கள் வழக்கைப் பற்றி நினைத்தது முழுக்கச் சரியாகவே இருக்கலாம், தீர்ப்பு வரும்போது பங்கு உங்களிடம் இருக்காது.

சரியாத வருடத்திலும் வட்டி உண்டு. 10 சதவீதம் என்றால் 5,000 டாலர். இந்தப் பங்கின் டிவிடெண்ட் (பங்கு வைத்திருப்பவருக்கு நிறுவனம் தரும் லாபப் பணம்) ஒரு சதவீதத்துக்கும் கீழே. வட்டியில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

அப்புறம், ‘இரண்டு மடங்கு’ ஒற்றைப் பங்கு ஈடிஎஃப் என்று ஒன்றை மச்சான் அடுத்துக் கொண்டுவருவார், பாருங்கள். ஒரு பங்கின் அன்றாட ஏற்ற இறக்கத்தை இரட்டிப்பாகத் தரும் ஃபண்டு அது. பங்கு ஒரு நாள் 10 சதவீதம் இறங்கி மறுநாள் பழைய விலைக்கே வந்தாலும் அதில் உங்கள் 100 டாலர் சுமார் 98 ஆகியிருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இந்த வாரமே பாதிக் கடனுக்கு விற்று அடையுங்கள். நஷ்டத்தில் இருக்கும் பங்குகளும் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருப்பவையும் முதலில் போகட்டும், வரி குறையும். மீதிக் கடனைச் சம்பளத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் முடியுங்கள். மச்சான் கோபித்துக்கொண்டால், அவர் கணக்கில் மார்ஜின் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.