வாசகர் கேள்வி – பதில்: தகரக் கூரையின் கீழ் ஒரு கிட்டார்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஊர்களில் நேரடியாகப் பாடும் கன்ட்ரி, ஃபோக் கலைஞர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: கன்ட்ரி, ஃபோக் இரண்டையும் தமிழில் ‘நாட்டுப்புற இசை’ என்றே எழுதிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இவை ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல, பங்காளிகள் என்று சொல்லலாம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களும், கைதிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களும் தங்களோடு கொண்டுவந்த மெட்டுகளின் மேல், 19ஆம் நூற்றாண்டில் ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்களும் மாட்டு மந்தை ஓட்டுபவர்களும் தங்கள் பாட்டை ஏற்றிப் பாடியதிலிருந்து வளர்ந்தது அங்குள்ள ஃபோக். கன்ட்ரி பின்னால் வந்தது. அமெரிக்க இசைத்தட்டுகள் வழியாக வந்தது. நியூசிலாந்தில் பிறந்த டெக்ஸ் மார்ட்டன் 1936இல் சிட்னியில் பதிவு செய்த பாடல்களைத்தான் பெரும்பாலோர் தொடக்கமாகச் சொல்வார்கள். தொண்டையை உருட்டிப் பாடும் யோடல் உட்பட அதன் பாணி முழுவதும் இரவல்தான் என்றாலும், வறட்சியும் வெள்ளமும் தூரத்துச் சாலையும் பாட்டுக்குள் வந்து குடியேறிய பிறகு அதை யாரும் இரவல் என்று சொல்லத் துணியவில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்ப்பது குழப்பத்தையே தரும் என்பதால், கன்ட்ரி, ஃபோக் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: டாம்வொர்த் என்ற சிறிய ஊர் கன்ட்ரி இசையின் தலைநகரம் ஆனது எப்படி? அங்கே பெரிய பாடகர்கள் யாராவது பிறந்தார்களா?

பதில்: காரணம் பாடகர் அல்லர், ஒரு வானொலி நிலையம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னிக்கு வடக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அவ்வூரின் 2டிஎம் நிலையம், 1960களின் நடுப்பகுதியிலிருந்து இரவில் கன்ட்ரி இசைக்கென்றே தனி நிகழ்ச்சி நடத்தியது. மத்திய அலை ஒலிபரப்பு பகலில் எட்டாத தொலைவையும் இரவில் எட்டிவிடும். பக்கத்து வீட்டுக்கே வண்டி கட்டிக்கொண்டு போக வேண்டிய பண்ணைகளில் இருந்தவர்களுக்கு, இதே ரசனையுள்ளவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள் என்பதை அந்த நிகழ்ச்சிதான் தெரிவித்தது. நேயர்கள் இத்தனை பேர் இருக்கும்போது ஊருக்கே ‘கன்ட்ரி இசைத் தலைநகரம்’ என்று பெயர் சூட்டிவிடலாமே என்று நிலையத்தார் துணிந்தார்கள். முதலில் விளம்பரமாக இருந்த பெயர், 1973 ஜனவரியில் கன்ட்ரி இசைக்கான தங்கக் கிட்டார் விருதுகள் தொடங்கிய பிறகு உண்மையாகிவிட்டது. இரவில் மலைச் சாலையில் லாரி ஓட்டுபவனைப் பற்றி ஜாய் மெக்கீன் எழுதிய பாட்டுக்குத்தான் முதல் விருது கிடைத்தது. ஒரு பெண் எழுதி, அவருடைய கணவர் ஸ்லிம் டஸ்டி பாடிய பாட்டு அது என்பதை, கன்ட்ரி என்றாலே ஆண்களின் சங்கதி என்று நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இன்று ஜனவரியில் நடக்கும் டாம்வொர்த் கன்ட்ரி இசை விழா பத்து நாள் நீள்கிறது. என் கணிப்பில் விழாவின் உயிர் விருது மேடையில் இல்லை. பீல் தெருவில் இருக்கிறது. கோடை வெயிலில், கடைகளின் தாழ்வாரத்து நிழலை அடி அடியாகப் பங்கிட்டுக்கொண்டு, சிறிய ஒலிபெருக்கி ஒன்றும் சில்லறைக்காகத் திறந்து வைத்த கிட்டார் பெட்டியுமாகத் தெருப்பாடகர்கள் வரிசையாக நிற்பார்கள். பத்து வயதுப் பிள்ளையின் பாட்டு முடிவதற்குள் பக்கத்துக் கடை வாசலில் எழுபது வயதுக்காரர் தொடங்கிவிடுவார்; நடந்துபோகிறவர் எங்கே நிற்கிறாரோ அதுவே தீர்ப்பு. பின்னாளில் தேசிய அளவில் பெயர்பெற்ற டிராய் காசர்-டேலி சிறுவனாக இந்தத் தெருவில் பாடியவர். அமெரிக்காவில் கொடிகட்டிப் பறக்கும் கீத் அர்பன் 1990இல் இதே விழாவில் புதிய பாடகர்களுக்காக நடக்கும் ஸ்டார் மேக்கர் போட்டியில் வென்றவர்.

கேள்வி: மக்கள் தொகை இவ்வளவு குறைவாக உள்ள நாட்டில் ஊர் ஊராகச் சென்று பாடிப் பிழைக்க முடியுமா?

பதில்: முடியும் என்று காட்டியவர்கள் நான் மேலே குறிப்பிட்ட தம்பதியரே. ஸ்லிம் டஸ்டியின் இயற்பெயர் டேவிட் கார்டன் கிர்க்பாட்ரிக். 1927இல் பிறந்து, கெம்ப்ஸிக்கு அருகே பால் பண்ணை ஒன்றில் வளர்ந்தார். 1954இல் அவரும் ஜாயும் பயணக் கச்சேரியை முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். 1964 முதல் அது நாட்டையே சுற்றிவரும் பயணமாயிற்று. பத்து மாதம், ஏறக்குறைய 48,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே 40,000 சொச்சம்தான். நகரத்து வானொலிகள் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத காலத்தில்கூட, யாரும் எட்டிப் பார்க்காத ஊருக்கு ஆண்டு தவறாமல் வருகிறார் என்பதே அவருக்குக் கூட்டத்தைச் சேர்த்தது. நூறு இசைத்தொகுப்புகளுக்கு மேல் வெளியிட்டு, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் பாடி, 2003இல் மறைந்தார்.

இன்றைய கணக்கு வேறு. இசைத்தட்டு விற்பனை தேய்ந்துவிட்டதால் மேடை வருமானமே பிரதானம். அதில் டீசலும் தங்குமிடமும் பெரும் பங்கை விழுங்கிவிடுகின்றன. மதுக்கூடத்தில் பாடினால் பேசிய தொகை கிடைக்கும். ஆனால் சாப்பிட வந்தவர்களுக்குத் தெரிந்த பழைய பாட்டுகளைத்தான் இரவு முழுவதும் பாட வேண்டியிருக்கும். நுழைவுச்சீட்டு வைத்து, ஊர்ப் பொதுக்கூடமான மன்றத்தில் பாடினால் சொந்தப் பாட்டைப் பாடலாம். ஆனால் யாரும் வராவிட்டால் நஷ்டம் பாடகருடையது. பல இளைஞர்கள் கவனிக்காத ஒரு வருவாயையும் சொல்லிவிடுகிறேன். இசையைப் பொதுவில் ஒலிக்கச் செய்யும் இடங்கள் அதற்கான உரிமக் கட்டணம் செலுத்துகின்றன. பாட்டெழுதியவர் ‘ஆப்ரா ஆம்காஸ்’ என்ற உரிமைச் சங்கத்தில் உறுப்பினராகி, எந்த இடத்தில் எந்தச் சொந்தப் பாட்டைப் பாடினார் என்று அறிக்கை கொடுத்தால், அவருக்கு அதில் பங்கு உண்டு. கொடுக்காதவருக்கு இல்லை.

கேள்வி: ஃபோக் கலைஞர்களும் இப்படித்தான் பயணம் செய்கிறார்களா?

பதில்: ஆம், ஆனால் பாதை வேறு. விக்டோரியா கடற்கரையில் போர்ட் ஃபேரி விழா 1977இல் தொடங்கி மார்ச் மாதத்தில் நடக்கிறது. குயின்ஸ்லாந்தின் உட்ஃபோர்டு விழா டிசம்பர் இறுதியில் தொடங்கிப் புத்தாண்டு வரை செல்கிறது. உட்ஃபோர்டு விழாவை நடத்துபவர்கள் செய்த நல்ல காரியம், ‘சிறு மன்றங்களின் விழா’ என்ற பெயரில் ஒரு வெளிநாட்டுக் கலைஞரையும் ஓர் உள்நாட்டுக் கலைஞரையும் சேர்த்துச் சிற்றூர்களுக்கு அனுப்பிவைத்ததுதான்.

அந்த மன்றங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பலகைச் சுவர், நெளிதகரக் கூரை, மரத்தரை. முதல் உலகப் போருக்குச் சென்ற ஊர்க்காரர்களின் பெயர்களைப் பொன்னெழுத்தில் பொறித்த பலகை சுவரில் தொங்கும். பார்வையாளர் வரிசையில் இருப்பவரின் குடும்பப் பெயரே அந்தப் பலகையிலும் இருக்கக்கூடும். இடைவேளையில் ஊர்ப் பெண்கள் செய்து கொண்டுவந்த ஸ்கோன் ரொட்டியும் லாமிங்டன் கேக்கும் தேநீரும் உண்டு. அப்போது பாடகரும் தட்டேந்தி வரிசையில் நிற்பார். மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரையின் இரைச்சலில் பாட்டே கேட்காது. வறண்ட மாவட்டத்தில் அதற்காக யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கேள்வி: பீர் புட்டி மூடியில் வாத்தியம் செய்வது உண்மையா?

பதில்: உண்மை. லாகர்ஃபோன் என்று பெயர். துடைப்பக் கம்பு போன்ற ஒரு கழியில் மூடிகளைச் சற்றுத் தளர்வாக ஆணியடித்து, தரையில் குத்தியும் குச்சியால் தட்டியும் வாசிப்பார்கள். மரத்தரை இல்லாவிட்டால் பாதி சுகம் போய்விடும்.

கேள்வி: பழங்குடி மக்கள் தங்களிடமிருந்து நிலத்தைப் பறித்தவர்களின் இசையை ஏன் பாடினார்கள்?

பதில்: கூர்மையான கேள்வி. மந்தைப் பண்ணைகளில் குதிரையேறி உழைத்தவர்களில் பழங்குடியினர் ஏராளம். ஆகவே அந்த வாழ்க்கையைப் பாடிய பாட்டில் அவர்களுக்கும் பாத்தியதை இருந்தது. ஸ்லிம் டஸ்டி அவர்களுடைய குடியிருப்புகளுக்கே சென்று பாடினார் என்பதும் உண்மை. யோர்ட்டா யோர்ட்டா இனத்தவரான ஜிம்மி லிட்டில் 1963இலேயே நாடறிந்த பாடகராகிவிட்டார். குழந்தையாக இருந்தபோதே அரசால் குடும்பத்திடமிருந்து பிரிக்கப்பட்ட ஆர்ச்சி ரோச், தனக்கும் தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கானோருக்கும் நேர்ந்ததை 1990இல் இசைத்தட்டில் பாடியபோது, பலர் அந்த வரலாற்றை முதன்முறையாகக் காதால் கேட்டார்கள். இசை யாரிடமிருந்து வந்தது என்பதைவிட, அதில் எதைச் சொல்ல முடிந்தது என்பதையே அவர்கள் பார்த்தார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: அடுத்த ஜனவரியில் டாம்வொர்த் செல்ல எண்ணுகிறேன். என்ன செய்ய வேண்டும்?

பதில்: விடுதி அறைகளை வெகு முன்னதாகவே பிடித்துவிடுவார்கள், கிடைக்காவிட்டால், பலரும் செய்வதுபோல ஆற்றங்கரை மைதானங்களில் கூடாரம் அடித்துக்கொள்ளலாம். தொப்பி, தண்ணீர் அவசியம். தெருவோரக் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது என்றாலும், சட்டைப்பையில் சில்லறைக் காசு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டை முழுதாக நின்று கேட்டுவிட்டு, திறந்திருக்கும் பெட்டியைப் பார்க்காததுபோல் நகர்ந்துவிடுவது அங்கே அழகல்ல.