சம்பளம் ஏறியது, இ.எஸ்.ஐ. நின்றது: காப்பீட்டில் விழும் இடைவெளிகள் (கேள்வி-பதில்)

கேள்வி: என் கணவர் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். வீடு கடலூர் முதுநகரில். மே மாதம் அவர் சம்பளம் 20,400-லிருந்து 22,800 ஆனது. "இனி இ.எஸ்.ஐ. கிடையாது, கார்டு செல்லாது" என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறது, ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மாமியாருக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. சம்பளம் ஏறாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. (வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், சகோதரி. உழைத்து வாங்கிய சம்பள உயர்வைப் பார்த்து ஒரு குடும்பம் பயப்படக் கூடாது. ஆபீஸில் சொன்னது தவறு. அதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன்.

இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். ஓவர்டைம் பணம் இந்த வரம்புக் கணக்கில் சேராது. சந்தா கட்டும் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும், அந்தக் காலம் முடியும்வரை சந்தா பிடித்தாக வேண்டும்: தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். உங்கள் கணவருக்கு மே மாதம்தான் ஏறியது. ஆகவே செப்டம்பர் 30 வரை சந்தா உண்டு. அந்தச் சந்தாவுக்கு உரிய பலன் காலம், அதாவது கார்டைக் காட்டிச் சிகிச்சை பெறும் காலம், அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. நடுவில் இருக்கும் அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு முந்தைய சந்தா கைகொடுக்கும். ஆக, அடுத்த ஜூன் வரை உங்கள் கார்டுக்கு உயிர் இருக்கிறது. சம்பள ரசீதுகளை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். மே மாதத்தோடு பிடித்தம் நின்றிருந்தால், அதைச் சரிசெய்வது கம்பெனியின் பொறுப்பு.

அந்த ஆபரேஷனை இந்தக் காலத்துக்குள்ளேயே முடித்துவிடுங்கள். நாளை தனியார் பாலிசி எடுத்தாலும் பித்தப்பைக் கல்லுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்பு இருக்கும், அதுவரை அதற்குப் பணம் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். 2024 ஏப்ரலுக்கு முன்பு இது 48 மாதமாக இருந்தது.

அதற்காக பாலிசியை அடுத்த ஜூனுக்குத் தள்ளிப்போடாதீர்கள். காத்திருப்புக் காலம் பாலிசி எடுத்த நாளிலிருந்துதான் ஓடும். இ.எஸ்.ஐ. கையில் இருக்கும்போதே எடுத்தால், காத்திருப்பின் ஒரு பகுதி அதன் நிழலிலேயே கழிந்துவிடும். தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு முன்பு 18 சதவீதம் இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. விண்ணப்பத்தில் கல்லையும் சர்க்கரையையும் மறைக்காமல் எழுதுங்கள். "அதெல்லாம் எழுதினா பிரீமியம் ஏறும், நான் பார்த்துக்கறேன்" என்று ஏஜென்ட் சொன்னாலும் சரி, வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கிளைம் நாளில் கேள்வி உங்களிடம்தான் வரும்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: இ.எஸ்.ஐ. போனபிறகு அரசுத் திட்டம் ஏதாவது தாங்குமா? தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. அதற்கு மேல் 21,000 வரை இ.எஸ்.ஐ. தாங்குகிறது, அதுவும் அந்தச் சட்டத்துக்குள் வரும் இடத்தில் வேலை இருந்தால் மட்டும். மாதம் 15,000 சம்பாதிக்கும் ஆட்டோக்காரருக்கும், அடுத்த ஜூனுக்குப் பிறகு 22,800 வாங்கும் உங்கள் குடும்பத்துக்கும் இரண்டு கதவும் அடைத்திருக்கின்றன. தனியார் பிரீமியமோ மாமியார் வயதைக் கேட்டதும் எகிறுகிறது. இது உங்கள் குறை இல்லை, திட்டங்களை வகுத்தவர்கள் நடுவில் விட்ட இடம். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

மாமியாருக்கு 70 வயது நிறைந்ததும், அந்த வயதினருக்கான மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா காப்பீட்டு அட்டைக்கு உங்கள் ஊரில் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். 2024 அக்டோபரில் வந்தது, வருமானம் பார்ப்பதில்லை, ஆதார் போதும், ஆண்டுக்கு 5 லட்சம். அதுவரை அவருக்கென்று ஒரு சின்ன வைப்புத் தொகை சேருங்கள். உங்கள் வீடு தமிழக-புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கம், கணவர் வேலை அந்தப் பக்கம். எந்த அட்டையாக இருந்தாலும் நீங்கள் ஓடிப்போகக்கூடிய ஆஸ்பத்திரி அதன் பட்டியலில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

வேலை மாறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் அண்ணன் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றில் சேர நடுவில் 19 நாள் இருந்தது. பதினோராவது நாள் அண்ணன் மகனுக்குக் குடல்வால் அழற்சி. பழைய கம்பெனி ஊழியர்களுக்கு எடுத்திருந்த குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி பில் கவுன்டர் முன்னால் நின்றுகொண்டு அண்ணி வளையலைச் சோப்பு போட்டுக் கழற்றியதை நான் பார்த்தேன். ராஜினாமா கொடுத்த கையோடு, அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பித்திருக்கலாம். குரூப்பில் கழிந்த ஆண்டுகள் காத்திருப்பில் கழிக்கப்பட்டிருக்கும். அன்று எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

கேள்வி: 3 லட்ச ரூபாய் பாலிசி. மனைவிக்கு ஆபரேஷன். நாலு நாள், தினம் 5,000 ரூபாய் அறை. மொத்த பில் 1,44,400. கம்பெனி கொடுத்தது 82,800 மட்டும். "ரூம் வாடகை வரம்பை மீறிவிட்டீர்கள்" என்கிறார்கள். வாடகை வித்தியாசம் 8,000 தானே, எப்படி 61,600 பிடிக்கலாம்? (வாசகர், வில்லியனூர்)

பதில்: நீங்கள் அனுப்பிய பில்லை வரி வரியாகப் பார்த்தேன், ஐயா. கொஞ்சம் நியாயமாகப் பிடித்திருக்கிறார்கள், கொஞ்சம் நியாயமில்லாமல்.

உங்கள் பாலிசியில் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது தினம் 3,000. நீங்கள் எடுத்தது 5,000. தகுதி 60 சதவீதம் ஆகிவிட்டது. இந்த விகிதம் வாடகையோடு நிற்காது. டாக்டர் கட்டணம், தியேட்டர், மயக்க மருந்து நிபுணர், நர்சிங் எல்லாவற்றிலும் பாயும். உங்கள் பில்லில் இவை 80,000, கிடைப்பது 48,000. வாடகை 20,000-க்கு 12,000. கையுறை, மாஸ்க் வகையறா 6,400 உங்கள் பாலிசியில் இல்லை.

ஆனால் மருந்து, பரிசோதனை 38,000 ரூபாயிலும் 60 சதவீதம் போட்டு 22,800 ஆக்கியிருக்கிறார்கள். இது தவறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் வகுத்த விதிப்படி மருந்து, உடலுக்குள் பொருத்தும் கருவி, பரிசோதனைச் செலவுகளில் இந்த விகிதக் கழிவு கூடாது. உங்களுக்கு வரவேண்டியது 98,000. இன்னும் 15,200 ரூபாய் பாக்கி.

ஒன்றை ஆஸ்பத்திரியில் கேளுங்கள்: அறைக்குத் தகுந்தபடி டாக்டர் கட்டணமும் மாறுமா, எல்லா அறைக்கும் ஒன்றா? ஒன்றுதான் என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தால், அந்த 32,000 கழிவையும் எதிர்க்கலாம்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். புதுச்சேரி, காரைக்கால் இரண்டும் சென்னைக்குள் வரும். மாஹே கொச்சிக்கும் ஏனாம் ஹைதராபாத்துக்கும் போய்விடும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நுகர்வோர் ஆணையமும் உங்களுக்குத் திறந்திருக்கிறது, இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். அங்கே வழக்குப் போட்டுவிட்டால் குறைதீர்ப்பாளர் எடுக்கமாட்டார் என்பதால், முதலில் சென்னைக்கே எழுதுங்கள்.

கேள்வி: ஆண்டு பிரீமியம் கட்ட 12 நாள் தாமதம். எட்டாவது நாள் அட்மிட் ஆனேன். 30 நாள் சலுகை உண்டுதானே? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: உண்டு, ஆனால் அது பாலிசி அறுந்துபோகாமல் இருக்கத்தான். நீங்கள் கழித்த காத்திருப்பு ஆண்டுகள் பத்திரமாக இருக்கும். ஆண்டுக்கு ஒரே தவணையாகக் கட்டுபவர்களுக்கு அந்த இடைநாட்களில் வந்த செலவு கிடைக்காது. தவணை முறையில் கட்டுபவர்களுக்கு மட்டும் சலுகை நாட்களிலும் பாதுகாப்பு தொடரும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ஜூன் 20-ஆம் தேதி மாரடைப்பில் இறந்துவிட்டார். பேங்கில் 436 ரூபாய் இன்சூரன்ஸ் வருஷா வருஷம் பிடிப்பார்கள். இந்த மே மாதம் அக்கவுன்டில் 112 ரூபாய்தான் இருந்ததாம், பிடிக்கவில்லை, ஒன்றும் வராது என்கிறார்கள். இரண்டு பிள்ளைகள். (வாசகி, கடலூர்)

பதில்: அம்மா, உங்கள் துக்கத்தில் இந்தக் கணக்கையும் நீங்களே பார்க்க வேண்டியிருப்பது கொடுமை. அது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுத் திட்டம், அதன் ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. பணம் பிடிக்காவிட்டால் அந்த ஆண்டுக்குப் பாதுகாப்பு இல்லை. பேங்க் சொன்னது சரிதான். அவருக்கு வேறு பேங்கில் கணக்கு இருந்திருந்தால், அந்தப் பாஸ்புக்கிலும் மே கடைசி, ஜூன் முதல் வரிகளில் 436 என்று இருக்கிறதா பாருங்கள்.

ஆனால் "ஒன்றும் வராது" என்பதை ஏற்காதீர்கள். அவர் சம்பள ரசீதைத் தேடுங்கள். பி.எஃப். பிடித்திருந்தால் அதோடு ஒட்டியே ஓர் ஆயுள் காப்பீடு இருக்கிறது. அதற்குத் தொழிலாளி தனியாக ஒரு காசும் கட்டுவதில்லை, பலருக்கும் அது இருப்பதே தெரியாது. இறக்கும்போது வேலையில் இருந்தால் அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். இறப்புக்கு முந்தைய 12 மாதம் விடாமல் வேலை செய்திருந்தால் குறைந்தது 2.5 லட்சம். இதோடு சேர்ந்திருக்கும் பி.எஃப். பணம், உங்களுக்கு விதவை ஓய்வூதியம், பிள்ளைகளுக்கு ஓய்வூதியம். இறப்புக் கோரிக்கைக்கென்று உள்ள ஒரே கூட்டுப் படிவத்தில் காப்பீடு, பி.எஃப்., ஓய்வூதியம் மூன்றையும் கேட்கலாம். இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய் தனி.

ஒப்பந்தக்காரர் கைவிரித்தால், வேலை வாங்கிய கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. பி.எஃப். அலுவலகத்தில் அதைச் சொல்லுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இவற்றில் ஐந்தைந்து நகல் எடுத்து ஒரே பையில் வையுங்கள். அவர் போனில் பயன்படுத்திய சிம்மை இப்போதைக்கு ரத்து செய்யவேண்டாம், பி.எஃப். கணக்கு எண் அதில் வந்த குறுஞ்செய்திகளில் இருக்கலாம்.