பணியிட நேர்மறை உளவியல்: ஆய்வுகள் இப்போது எந்தப் பக்கம் திரும்புகின்றன?

‘சிரித்த முகத்தோடு வேலை செய்யுங்கள்’ என்பதுதான் நேர்மறை உளவியலா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. மனிதர்களின் குறைகளை மட்டும் பார்க்காமல், வாழ்வை நிறைவாக்குவது எது என்று ஆராயும் உளவியல் துறை அது. 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன் இத்துறைக்கு உருக்கொடுத்தார். பணியிடத்தில் முதலில் தனிமனிதர்களின் நம்பிக்கை, மீள்திறன் (துன்பத்திலிருந்து மீண்டெழும் திறன்), ஈடுபாடு ஆகியவற்றையே அதிகம் ஆராய்ந்தார்கள்.

என் மனத்தில் நிற்பது, ஆய்வாளர்கள் ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் எழுதிய கட்டுரை. மருத்துவமனைத் துப்புரவாளர்களில் சிலர், நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்குண்டு என்று கருதி, தங்கள் வேலையைத் தாங்களே விரித்துக்கொண்டதை அது காட்டியது. இதை நானும் இங்கே சிங்கப்பூரில் பார்த்திருக்கிறேன். அம்மா வார்டில் படுத்திருந்தபோது, தரை துடைக்க வந்த அக்கா வாளியை ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீர்க் குவளையை அம்மாவின் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது கவனம் தனிமனிதரிடமிருந்து நிறுவனத்தின் பக்கம் திரும்புகிறது. 2024இல் வெளிவந்த ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங்கின் ஆய்வு, பிரிட்டனில் 46,336 ஊழியர்களின் தரவை அலசியது. மீள்திறன் பயிற்சி, நலச் செயலி போன்றவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இல்லை. தொண்டூழியத்தில் மட்டும் சற்று வேறுபாடு தெரிந்தது. ஆகவே வேலைப்பளு, பணிநேரம், மேலாளரின் நடத்தை ஆகியவையே முதன்மையான கேள்விகள் என்பது என் உறுதியான கருத்து. சிங்கப்பூரில் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளை முறையாகப் பரிசீலிக்கச் சொல்லும் முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள்) வழிகாட்டிகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. உங்கள் மேலாளரிடம் அதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.